கல்லீரலுக்கு என்று தனி டாக்டர் வந்தது எப்படி? யார் இந்த ஷீலா ஷெர்லாக்?

மாஸ்டர் ஹெல்த் செக்-அப் முடிந்து செல்போனுக்கு வரும் ரிப்போர்ட்டில் எல்எஃப்டி என்று ஒரு பகுதி இருக்கும். பிலிருபின், எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, ஆல்புமின் என்று வரிசையாகப் பெயர்கள், பக்கத்தில் எண்கள். அதில் ஒன்று தடித்த எழுத்தில் வந்துவிட்டால் போதும், மனசு பதறிவிடும். குடும்ப டாக்டரிடம் காட்டினால் கேஸ்ட்ரோ டாக்டரைப் பார்க்கச் சொல்வார். அவர் தேவைப்பட்டால் ஹெப்பட்டாலஜிஸ்ட்டிடம் அனுப்புவார்.

இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்? உணவுக்குழாய், இரைப்பை, குடல், கணையம், கல்லீரல் என்று ஜீரண மண்டலம் முழுவதையும் பார்ப்பவர் கேஸ்ட்ரோஎன்டராலஜிஸ்ட். அதில் கல்லீரலையும் அதோடு சேர்ந்த பித்தப்பை, பித்தநாளங்களையும் மட்டும் தனியாகக் கவனிப்பவர் ஹெப்பட்டாலஜிஸ்ட். இந்தியாவில் எம்பிபிஎஸ், அதன் பிறகு எம்டி, அதற்கும் மேல் 3 வருடம் டிஎம் என்று படித்துத்தான் இந்த இடத்துக்கு வர முடியும்.

ஆனால் 1940 வாக்கில் இப்படி ஒரு ஸ்பெஷலிஸ்ட்டே கிடையாது. உயிரோடு இருக்கும் நோயாளியின் கல்லீரலுக்குள் என்ன நடக்கிறது என்று பெரும்பாலான டாக்டர்களுக்குத் தெரியாது. அந்த நிலைமையை மாற்றி, கல்லீரல் மருத்துவத்தைத் தனித் துறையாக நிறுத்தியவர்களில் முதல் வரிசையில் இருப்பவர் டேம் ஷீலா ஷெர்லாக். பெண் என்பதால் மருத்துவக் கல்லூரியில் சீட் கிடைக்காமல் அலைந்த ஒருவர், பிறகு பிரிட்டனின் முதல் பெண் மருத்துவப் பேராசிரியர் ஆனார். அந்தக் கதையைப் பார்ப்போம்.

கதவைச் சாத்திய லண்டன் கல்லூரிகள்

ஷீலா பாட்ரிசியா வயலட் ஷெர்லாக் 1918 மார்ச் 31 அன்று அயர்லாந்தின் டப்ளினில் பிறந்தார். அப்பா ராணுவத்தில் இருந்தவர். சின்ன வயதிலேயே குடும்பம் இங்கிலாந்துக்கு வந்துவிட்டது. கென்ட் பகுதியில் உள்ள ஃபோக்ஸ்டனில் பெண்கள் பள்ளியில் படித்தார்.

பள்ளி முடிந்ததும் டாக்டர் ஆகணும் என்று முடிவெடுத்தார். லண்டனில் பல மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தார். எதுவும் நடக்கவில்லை. மதிப்பெண் குறைவு என்பதல்ல பிரச்சினை. அந்தக் காலத்தில் லண்டனின் பல மருத்துவக் கல்லூரிகள் பெண்களைச் சேர்ப்பதே இல்லை. சேர்த்த சில இடங்களிலும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இடம். பெண்களையும் சேர்த்தால்தான் அரசுப் பணம் என்று சொல்லும்படி ஒரு அரசுக் குழு பரிந்துரைத்ததே 1944-ல்தான். ஷெர்லாக் விண்ணப்பித்தது அதற்கும் பல வருடங்கள் முன்னால்.

கடைசியில் 1936-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. இதில் ஒரு சுவாரசியம் உண்டு. 1869-ல் சோஃபியா ஜெக்ஸ்-பிளேக் உள்ளிட்ட 7 பெண்கள் மருத்துவம் படிக்கச் சேர்ந்ததும், அவர்களுக்கு எதிராகக் கலவரமே நடந்ததும், கடைசிவரை பட்டம் தராமல் அனுப்பியதும் இதே எடின்பரோதான். அந்த ஜெக்ஸ்-பிளேக் அங்கிருந்து லண்டன் வந்து 1874-ல் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அந்தப் பள்ளிதான் பின்னாளில் ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் கல்லூரி ஆனது. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

வகுப்பில் முதலிடம், ஆனால் வேலை?

1941-ல் ஷெர்லாக் படிப்பை முடித்தார். அந்த ஆண்டு மாணவர்களில் முதலிடம். அதற்காகத் தரப்படும் எட்டில்ஸ் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற இரண்டாவது பெண் அவர்தான்.

இவ்வளவு இருந்தும், படிப்பு முடித்த டாக்டர்கள் வழக்கமாகச் சேரும் ஹவுஸ் டாக்டர் வேலை எடின்பரோவில் அவருக்குக் கிடைக்கவில்லை. காரணம், மறுபடியும் பெண் என்பதுதான். இது சின்ன விஷயம் இல்லை. வார்டில் நோயாளிகளோடு பழகி அனுபவம் சேர்க்கும் முதல் படியே அதுதான். அந்தப் படி இல்லாவிட்டால் அதற்கு மேல் ஏற வழியில்லை.

அந்த நேரத்தில் கைகொடுத்தவர் அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஜேம்ஸ் லியர்மன்த். தன் துறையில் அவருக்கு உதவி விரிவுரையாளர் வேலை கொடுத்தார். ஆராய்ச்சி என்றால் என்ன, ஒரு மருத்துவக் கட்டுரையை எப்படி எழுத வேண்டும் என்பதை ஷெர்லாக் கற்றுக்கொண்டது இவரிடம்தான். முதல் ஆய்வுக் கட்டுரையையும் இவரோடு சேர்ந்தே எழுதினார். பின்னாளில் ஷெர்லாக்கின் எழுத்து சுருக்கமாகவும் தெளிவாகவும் இருந்ததற்கு அடித்தளம் இங்கே விழுந்தது.

1942-ல் லண்டனின் ஹேமர்ஸ்மித் மருத்துவமனைக்குப் போனார். அங்கே ஜான் மெக்மைக்கேல் என்ற டாக்டரின் கீழ் ஹவுஸ் பிசிஷியன் வேலை. கல்லீரல் அவர் வாழ்க்கைக்குள் வந்தது அங்கேதான்.

போர்க்காலத்து மஞ்சள் காமாலை மர்மம்

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ராணுவங்களுக்கு ஒரு எதிர்பாராத தலைவலி வந்தது: மஞ்சள் காமாலை.

1942-ல் மஞ்சள் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்ட அமெரிக்க ராணுவத்தினரில் சுமார் 50,000 பேருக்குக் காமாலை வந்தது. தடுப்பூசியில் மனித ரத்தத்தின் சீரம் கலந்திருந்தது. அதில் ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. அது இப்போது நாம் ஹெபடைடிஸ் பி என்று சொல்லும் வைரஸ் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் உறுதியானது.

பிரிட்டனில் இன்னொரு குழப்பம். சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கு ஆர்சனிக் கலந்த ஊசி போடுவார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களில் நிறைய பேருக்குச் சில மாதங்கள் கழித்துக் காமாலை வந்தது. ஆர்சனிக் விஷம்தான் கல்லீரலைக் கெடுக்கிறது என்று பலரும் நினைத்தார்கள். இது போக, எந்த ஊசியும் போடாதவர்களுக்கு ஊர் ஊராகப் பரவும் காமாலை தனி.

இதற்கு அந்தக் காலத்து டாக்டர்களிடம் ஒரு பழைய விளக்கம் இருந்தது. பித்தநாளத்தின் வாயில் சளி அடைத்துக்கொள்வதால் காமாலை வருகிறது என்பதே அது. 19-ம் நூற்றாண்டிலிருந்து வந்த கருத்து. சரியா தவறா என்று பார்க்க வழி? கல்லீரல் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். ஆனால் திசு கிடைப்பது பிரேதப் பரிசோதனையில்தான். காமாலை வந்தவர்களில் பெரும்பாலானோர் பிழைத்துவிடுவார்கள். இறந்தவர்களின் கல்லீரலோ அடையாளம் தெரியாமல் சிதைந்திருக்கும். நோயின் ஆரம்பத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவே முடியாத நிலை.

ஒரு ஊசி சொன்ன பதில்

இதற்கு விடையாக வந்ததுதான் லிவர் பயாப்சி. வலது பக்க விலா எலும்புகளுக்கு நடுவில் மரத்துப்போகும் ஊசி போட்டு, நோயாளியை மூச்சை வெளியே விட்டு அடக்கச் சொல்லி, நீளமான ஊசியைக் கல்லீரலுக்குள் செலுத்தி, நூல் போன்ற ஒரு துண்டுத் திசுவை எடுப்பார்கள். இந்த முறையை ஷெர்லாக் கண்டுபிடிக்கவில்லை. டென்மார்க்கில் ஐவர்சன், ரோஹோல்ம் என்ற இருவர் 1939-லேயே இதைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஆனாலும் பல டாக்டர்கள் இதைத் தொடவே பயந்தார்கள்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. கல்லீரல் ரத்தம் நிறைந்த உறுப்பு. ரத்தம் உறையத் தேவையான பல புரதங்களைத் தயாரிப்பதும் அதுதான். நோயால் பாதிக்கப்பட்ட கல்லீரலில் ஊசி குத்தினால் ரத்தக்கசிவு நிற்காமல் உயிரே போகலாம். அன்றைக்கு ஸ்கேன் கிடையாது. ஊசி எங்கே போகிறது என்று திரையில் பார்க்க முடியாது. விரலால் தட்டிப் பார்த்து, கல்லீரல் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டுத்தான் குத்த வேண்டும்.

மெக்மைக்கேலும் ஷெர்லாக்கும் இதை ஒழுங்கான முறையாக மாற்றினார்கள். யாருக்குச் செய்யலாம், யாருக்குச் செய்யக் கூடாது, முன்னால் ரத்தம் உறையும் தன்மையை எப்படிச் சோதிக்க வேண்டும், பிறகு நோயாளியை எப்படிக் கவனிக்க வேண்டும் என்று விதிகள் வகுத்தார்கள்.

1943-ல் நோயியல் நிபுணர் டிபிள், மெக்மைக்கேல், ஷெர்லாக் மூவரும் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள. ஊர் ஊராகப் பரவும் காமாலை, ஆர்சனிக் ஊசிக்குப் பின் வரும் காமாலை, சீரம் மூலம் வரும் காமாலை ஆகிய மூன்றிலும் கல்லீரல் திசுவை எடுத்துப் பார்த்தபோது ஒரே மாதிரியான பாதிப்பு தெரிந்தது. கல்லீரல் செல்களே வீங்கி, அழிந்துகொண்டிருந்தன. சளி அடைப்பு என்ற பழைய கதைக்கு இடமில்லாமல் போனது. ஆர்சனிக் மீதிருந்த சந்தேகமும் திசைமாறியது. ஒரே சிரிஞ்சைச் சரியாகக் கிருமி நீக்காமல் பலருக்குப் பயன்படுத்தியதுதான் கிளினிக்குகளில் நோயைப் பரப்பியது என்பது அந்தக் காலத்து ஆய்வுகள் பலவற்றிலிருந்து தெளிவானது. இன்றைக்கு ஒரு ஊசி ஒருவருக்குத்தான் என்று நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் விதிக்குப் பின்னால் இப்படிப்பட்ட பாடங்கள் இருக்கின்றன.

1945-ல் லிவர் பயாப்சி பற்றிய ஆய்வுக்காக எடின்பரோ பல்கலைக்கழகம் ஷெர்லாக்குக்குத் தங்கப் பதக்கத்துடன் எம்டி பட்டம் கொடுத்தது. நான்கு வருடம் முன்னால் ஹவுஸ் டாக்டர் வேலை கிடைக்காத அதே ஊர்.

30 வயதில் கன்சல்டன்ட்

1947-ல் ராக்ஃபெல்லர் உதவித்தொகையில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். திரும்பி வந்ததும் 1948-ல் ஹேமர்ஸ்மித்தில் விரிவுரையாளர், கன்சல்டன்ட் பிசிஷியன். அப்போது வயது 30. 1951-ல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸின் ஃபெலோ ஆனார். அதுவரை அந்தப் பெருமையைப் பெற்ற பெண்களிலேயே வயதில் இளையவர் அவர்தான். அதே ஆண்டு டிசம்பரில் டாக்டர் ஜெரைன்ட் ஜேம்ஸைத் திருமணம் செய்துகொண்டார். அவரும் சார்காய்டோசிஸ் என்ற நோயில் பெயர் பெற்ற நிபுணர். இவர்களுக்கு இரண்டு மகள்கள்.

கல்லீரல் கெட்டால் மூளை ஏன் குழம்புகிறது?

கல்லீரல் சுருங்கிப்போன நோயாளிகள் சிலர் திடீரென்று மாறிவிடுவார்கள். பகலில் தூக்கம், ராத்திரி விழிப்பு. பேச்சு குழறும். கையை நீட்டச் சொன்னால் பறவை சிறகடிப்பது மாதிரி மணிக்கட்டு ஆடும். கடைசியில் நினைவே இழந்து கோமாவுக்குப் போய்விடுவார்கள். வீட்டில் இருப்பவர்கள் மனநலப் பிரச்சினை என்று நினைத்துக்கொள்வதும் உண்டு.

1954-ல் ஷெர்லாக்கும் அவர் குழுவும் இதைப் பற்றி ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார்கள். குடலில் புரதம் சிதையும்போது பாக்டீரியாக்கள் அம்மோனியா போன்ற நச்சுப் பொருட்களை உண்டாக்கும். குடலிலிருந்து வரும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போகும். அங்கே அது சுத்தமாகும். கல்லீரல் கெட்டுப்போனாலோ, ரத்தம் வேறு பாதையில் கல்லீரலைத் தாண்டிப் போனாலோ, அந்த நச்சு நேராக மூளைக்குப் போய்விடும். இதுதான் விஷயம்.

காரணம் தெரிந்ததால் சிகிச்சைக்கும் வழி பிறந்தது. குடலைச் சுத்தம் செய்வது, குடலில் உள்ள பாக்டீரியாவைக் குறைக்கும் ஆன்டிபயாட்டிக் கொடுப்பது, மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வது என்று. அன்றைக்குப் புரத உணவையும் குறைக்கச் சொன்னார்கள். இன்று அந்த அறிவுரை மாறிவிட்டது, பெரும்பாலான நோயாளிகளுக்குப் போதிய புரதம் தேவை என்கிறார்கள். ஆனால் குடலில் தொடங்குகிறது என்ற அடிப்படைப் புரிதல் அப்படியே இருக்கிறது.

ஒரே ஆள் எழுதிய பெரிய புத்தகம்

1955-ல் ஷெர்லாக்கின் பாடநூல் வெளிவந்தது. கல்லீரல், பித்த மண்டல நோய்கள் பற்றிய புத்தகம். எஸ்ஜிஓடி போன்ற என்சைம் பரிசோதனைகள் அப்போதுதான் மருத்துவத்துக்குள் வரத் தொடங்கியிருந்தன. அதாவது இன்றைய எல்எஃப்டி ரிப்போர்ட்டின் வடிவமே முழுசாக உருவாகாத காலம்.

பெரிய பாடநூல்களை ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு ஆள் என்று பிரித்து எழுதுவது வழக்கம். ஷெர்லாக் பல பதிப்புகளைத் தனியாகவே எழுதினார். அதனால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே குரல். பிற்காலத்தில்தான் ஜேம்ஸ் டூலி என்ற டாக்டர் இணை ஆசிரியராகச் சேர்ந்தார். பல மொழிகளில் வந்த இந்தப் புத்தகம், உலகம் முழுவதும் கல்லீரல் மருத்துவம் படித்தவர்களின் மேஜையில் இருந்தது. இன்றும் ஷெர்லாக் பெயரிலேயே புதிய ஆசிரியர்களுடன் தொடர்கிறது.

மொட்டை மாடிக் கொட்டகையில் உலகப் புகழ் பெற்ற துறை

1959-ல் ராயல் ஃப்ரீ மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பேராசிரியர் பதவி வந்தது. ஆமாம், ஜெக்ஸ்-பிளேக் தொடங்கிய பள்ளியின் வழிவந்த அதே கல்லூரி. பிரிட்டனில் ஒரு பெண் மருத்துவப் பேராசிரியர் ஆனது அதுதான் முதல் முறை. ஷெர்லாக்குக்கு அப்போது வயது 41.

பதவி பெரிது, வசதி கம்மி. அன்று ராயல் ஃப்ரீ லண்டனின் கிரேஸ் இன் ரோட்டில் இருந்தது. கட்டடத்தின் மொட்டை மாடியில் போட்ட மரக் கொட்டகையில்தான் கல்லீரல் ஆராய்ச்சிப் பிரிவு இயங்கியது. உலகின் பல நாடுகளிலிருந்து இளம் டாக்டர்கள் அந்த மாடிக்குத்தான் படியேறி வந்தார்கள். 1974-ல் ஹேம்ஸ்டட்டில் புதுக் கட்டடம் கிடைத்தது.

அந்தப் பிரிவிலிருந்து வந்த இரண்டு வேலைகளை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, பிபிசி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நோய். பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்களுக்கு வரும். உடம்பெல்லாம் அரிப்பு, களைப்பு, பிறகு காமாலை. அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க அறுவை சிகிச்சை செய்வார்கள். திறந்து பார்த்தால் அடைப்பு எதுவும் இருக்காது. 1965-ல் டெபோரா டோனியக் உள்ளிட்ட நோய் எதிர்ப்பு நிபுணர்களோடு சேர்ந்து ஷெர்லாக் குழு ஒரு விஷயத்தைக் கண்டறிந்தது. இந்த நோயாளிகளின் ரத்தத்தில், செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது. உடம்பின் பாதுகாப்புப் படையே தன் உறுப்பைத் தாக்குகிறது. அதன் பிறகு வயிற்றைத் திறக்காமல் ஒரு ரத்தப் பரிசோதனையிலேயே நோயைச் சந்தேகிக்க முடிந்தது. ஏஎம்ஏ என்ற அந்த டெஸ்ட் இன்றைக்கும் லேப்களில் உண்டு.

இரண்டாவது, நாள்பட்ட ஆட்டோஇம்யூன் வகைக் கல்லீரல் அழற்சி. இதற்கு ஸ்டீராய்டு கொடுக்கலாமா வேண்டாமா என்று டாக்டர்களுக்குள்ளேயே சண்டை. ஷெர்லாக் குழு நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு பிரெட்னிசலோன் கொடுத்து, இன்னொரு பிரிவுக்குக் கொடுக்காமல் பல ஆண்டுகள் கண்காணித்தது. 1971-ல் முடிவு வெளியானது. மருந்து பெற்றவர்களில் இறப்பு மிகவும் குறைந்திருந்தது. பல லட்சம் பேரை வைத்துச் செய்த ஆய்வு இல்லை, சில டஜன் நோயாளிகள்தான். ஆனால் வித்தியாசம் அவ்வளவு தெளிவு. ஸ்டீராய்டு இன்றுவரை இந்த நோயின் முதல் சிகிச்சை.

கண்டிப்பான டீச்சர்

ஷெர்லாக்கிடம் பயிற்சி பெறுவது சுலபம் இல்லை. வார்டு ரவுண்ட்ஸில் நோயாளியின் விவரம் விரல்நுனியில் இருக்க வேண்டும். தடுமாறினால் எல்லோர் முன்னாலும் கேள்வி விழும். ஆராய்ச்சி செய்தால் மட்டும் போதாது, அதை எழுதி முடித்து வெளியிட வேண்டும். அவர் பெயரில் 600-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் வந்தன என்றால், மேஜையில் பாதியில் கிடக்கும் வேலையை அவர் எவ்வளவு வெறுத்திருப்பார் என்று புரியும்.

அதே சமயம் தன்னிடம் வந்தவர்களை வளர்த்துவிட்டார். பிரிட்டனில் கல்லீரல் மாற்று சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான ரோஜர் வில்லியம்ஸ் அவரிடம் வேலை பார்த்தவர். அவரிடம் பயிற்சி பெற்றவர்கள் பல நாடுகளில் கல்லீரல் பிரிவுகளைத் தொடங்கினார்கள். 1958-ல் கல்லீரல் ஆய்வுக்கான சர்வதேச சங்கம் உருவானதிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஒரு துறை நிற்க புத்தகம், சங்கம், பயிற்சி பெற்ற ஆட்கள் மூன்றும் வேண்டும். மூன்றிலும் அவர் கை இருந்தது.

ஓய்வுக்குப் பிறகும்

1978-ல் பிரிட்டிஷ் அரசு டேம் பட்டம் கொடுத்தது. ஆண்களுக்குத் தரும் சர் பட்டத்துக்கு இணையானது. 1983-ல் பேராசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். ஆனாலும் நோயாளிகளைப் பார்ப்பதையும் எழுதுவதையும் நிறுத்தவில்லை. 1989-ல் ஹெபடைடிஸ் சி வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டபோது அவருக்கு வயது 71. அதையும் படித்து, புத்தகத்தின் அடுத்த பதிப்புக்குள் கொண்டுவந்தார்.

பிரிட்டனின் மிக உயர்ந்த அறிவியல் அமைப்பான ராயல் சொசைட்டி அவரை ஃபெலோவாகத் தேர்ந்தெடுத்தது 2001-ல். அப்போது வயது 83. இவ்வளவு தாமதமா என்று கேட்கத் தோன்றுவது நியாயம்தான். அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று நுரையீரல் நோயால் லண்டனில் காலமானார். கணவரோடு 50-வது திருமண நாளைக் கடந்து சில நாட்களே ஆகியிருந்தன.

இன்றைக்கு நமக்கு என்ன?

லிவர் பயாப்சி இன்று அவ்வளவு அடிக்கடி தேவைப்படுவதில்லை. கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று வெளியிலிருந்தே அளக்கும் ஃபைப்ரோஸ்கேன், வைரஸைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, அல்ட்ராசவுண்ட், எம்ஆர்ஐ எல்லாம் வந்துவிட்டன. செய்ய வேண்டி வந்தாலும் பெரும்பாலும் அல்ட்ராசவுண்டில் இடத்தைப் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்துகிறார்கள். ஆனாலும் காரணம் பிடிபடாத நேரங்களில் டாக்டர்கள் கடைசியில் போய் நிற்பது அந்தச் சின்னத் திசுத் துண்டிடம்தான்.

இன்னொன்று, எல்எஃப்டியில் ஒரு எண் கூடியிருக்கிறது என்பதாலேயே கல்லீரல் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. எண் நார்மல் என்பதாலேயே எல்லாம் சரி என்றும் அர்த்தம் இல்லை. சிரோசிஸ் இருப்பவர்களுக்கும் சில சமயம் என்சைம் அளவு சாதாரணமாக இருக்கும். நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, கையை நீட்டச் சொல்லி, மது, மாத்திரை, நாட்டு மருந்து பற்றியெல்லாம் விசாரித்து, அதன் பிறகு ரிப்போர்ட்டைப் படிப்பவர்தான் நல்ல ஹெப்பட்டாலஜிஸ்ட். ஸ்கேன் இல்லாத காலத்தில் ஹேமர்ஸ்மித் வார்டில் ஷெர்லாக் ஆரம்பித்ததும் இப்படித்தான்.

லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் கல்லீரல் மையத்துக்கு இன்று ஷீலா ஷெர்லாக்கின் பெயர்தான். 1936-ல் அவருக்கு ஒரு சீட் தர யோசித்த அதே லண்டனில்.